திட்டிவாசல் வழியே வந்த செய்தி

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே நாச்சியம்மை என்று ஓர் அம்மா இருந்தார். அவரிடம் பாடம் கேட்க வந்து தங்கியவர் திருமேனி. கேட்க வந்தவருக்குத்தான் தலை முழுக்க நரைத்திருந்தது. சொல்கிறவருக்கு இன்னும் காதோரம்கூட வெளுக்கவில்லை. அந்த மடத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று காலை உட்கார்ந்த இடத்திலிருந்து திருமேனி எழுந்தார். உள்ளே போய் மேஜைமேல் இருந்த பழைய லேப்டாப்பைப் பார்த்தார். திரும்பி வந்து சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார். மூடின இமைக்குள்ளே விழி ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி எழுந்தார்.

முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"அம்மா, எனக்கு உக்காரவே வரமாட்டேங்குது," என்றார் திருமேனி. "என்ன செய்யட்டும்?"

"இப்ப எதுக்கு எந்திரிச்சீங்க?"

"அணைச் செய்தி பாக்க."

"அதுக்கு முன்னாடி எந்திரிச்சது?"

"அதுவும் அதுக்குத்தான்."

அம்மா ஒரு பூச்சி அரித்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

திருமேனியின் தவிப்புக்குக் காரணம் ஊருக்கே தெரியும். போன வருஷம் மேற்கே மலையில் மழை பிடித்து அணை நிரம்பிவிட்டது. தண்ணீர் திறக்கப்போகிறோம் என்று அணை அலுவலகம் தன் இணையப் பக்கத்தில் போட்டது. இந்த மாதிரிச் செய்திகளைப் பல இடங்களிலிருந்தும் எடுத்துவந்து ஓரிடத்தில் சேர்த்துக் காட்ட, மடத்து லேப்டாப்பிலேயே ஒரு செய்தி வாசிப்பானை ஓடவிட்டிருந்தார் திருமேனி. தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் இடத்தில் நம் சாமானை வைப்பானேன் என்று எல்லாவற்றையும் சொந்தக் கையால் செய்துகொள்கிற ஆள்.

அந்த வாசிப்பான் மணிக்கொரு தரம் போய், "புதுசா ஏதும் உண்டா?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டு வரும். அன்று அது கேட்டுவிட்டுத் திரும்பிய பிறகுதான் அணைக்காரர்கள் செய்தியைப் போட்டார்கள். அடுத்த தரம் கேட்டு, செய்தி வந்து, இவர் பார்த்து, ஆற்றுக்கு ஓடுவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது.

ஆற்று நடுவே மணல் திட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த இருளாயி, ஒரு கருவேல மரத்தைக் கட்டிப்பிடித்துச் சாயங்காலம் வரை தொங்கினாள். ஆட்டில் பாதி போயிற்று. குட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்த வருஷமும் வந்திருந்தாள். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து மிச்ச ஆட்டை ஓட்டிக்கொண்டு, அதே திட்டுக்கு. திருமேனி போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

"புல்லு இங்கதான சாமி கெடக்கு? கரையில உங்க மடத்துச் செவத்தையா மேயும்?" என்றாள் அவள். "தண்ணி வந்தா நீங்க சொல்லுங்க, நான் ஏறிக்கிறேன்."

நீங்க சொல்லுங்க. அந்த ஒரு பேச்சுதான் அவரை உட்காரவிடவில்லை. மேற்கே மழை வேறு பிடித்திருந்தது.

"மணிக்கொரு தரம் பத்தாதுன்னுட்டு, இப்ப நிமிஷத்துக்கொரு தரம் போய்க் கேக்கும்படி வச்சிருக்கேம்மா," என்றார் திருமேனி.

"விடாம கேக்குதா?"

"கேக்குது."

"பதில் வருதா?"

திருமேனி உள்ளே போனார். லேப்டாப்பில் வந்து கிடந்த பதில்களைத் திறந்து பார்த்தார். பிறகு நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

"அம்மா! முந்தாநாள்லேருந்து ஒண்ணுமே வரலை! அடிக்கடி வந்து கேக்கறீங்க, அப்புறம் வாங்கன்னு நம்ம லேப்டாப்பைத் தடுத்து வச்சிருக்காங்க. நான் என்னடான்னா, செய்தியே இல்லைபோலன்னு நிம்மதியா..."

தன் போனில் அணைப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அணை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. இன்னும் திறக்கவில்லை. அப்போதுதான் மூச்சு விட்டார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வந்து கஞ்சி குடிங்க," என்றார் அம்மா.

திருமேனி உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

இன்னொரு வாய்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு சரியா இருக்கா?"

"அதான் சொன்னேனே அம்மா."

கிண்ணத்தைத் தூக்கினார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் "உப்பு?" என்றார் அம்மா. திருமேனி கிண்ணத்தோடு எழுந்து தூணுக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன, கதவைச் சாத்திட்டீங்க?" என்றார் அம்மா.

திருமேனிக்குப் புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குறைஞ்சா நானே சொல்ல மாட்டேனா?"

"சொல்வீங்கதானே?"

கிண்ணம் கையில் அப்படியே நின்றது.

"அவங்களும் சொல்வாங்கம்மா," என்றார் மெதுவாக. "அந்தப் பக்கத்துல அதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. நம்ம முகவரியைக் குடுத்து வச்சா, செய்தி ஏறின நொடியே அவங்களே நமக்கு அனுப்பிடுவாங்க. நாம போய்க் கேக்கவே வேண்டாம்."

"அப்புறம் ஏன் குடுக்கலை?"

"வெளியிலேருந்து வர்றவங்களுக்கு நம்ம பக்கம் திறந்திருக்கணுமே. நான் எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கேன். இங்கேருந்து எங்க வேணா போகலாம். அங்கேருந்து ஒரு ஈ உள்ள வர முடியாது. திறந்தா கண்டவனும் நுழைவான்."

"காலையில பால் எப்படி வந்துச்சு?"

மடத்து வாசலில் தேக்குக் கதவு. திறந்து மூட இரண்டு ஆள் வேண்டும். திருவிழாவுக்குத்தான் திறப்பார்கள். அந்தக் கதவிலேயே கீழே ஒரு சின்னக் கதவு வெட்டியிருந்தது. திட்டிவாசல் என்பார்கள், குனிந்துதான் நுழைய வேண்டும்.

"திட்டிவாசல்ல வாங்கினேன்."

"அதுல யானை நுழையுமா?"

"பால்காரருக்கே தலை இடிக்குது," என்றார் திருமேனி. சொன்னவர் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

முதல் வேலையாக அந்த நிமிஷக் கேள்வியை நிறுத்திப் பழையபடி மணிக்கொரு தரம் என்று வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் மனசு இரங்கி வழிவிட்டது. பிறகு தன் பெரிய அடைப்பில் ஒரே ஒரு சின்ன வாசல் வெட்டினார். அணைச் செய்தி வந்து சேர மட்டும் ஒரு முகவரி. யாரும் குருட்டாம்போக்கில் கண்டுபிடித்துவிடாதபடி அதற்கு நீளமாக ஒரு பெயர். மற்ற எதற்கும் கதவு மூடினது மூடினதுதான். முகவரியை அணைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

வந்தது. அங்கிருந்து விசாரிக்க வந்தது, வந்தது போலவே திரும்பியும் போனது. மறுபடி கொடுத்தார். மறுபடியும் அப்படியே.

முகவரி கொடுத்தவுடனே யாரும் நம்பிவிடுவதில்லை. ஒரு சொல்லை அனுப்பிப் பார்ப்பார்கள். அதே சொல் திரும்பி வந்தால்தான் வீடு சரி என்று குறித்துக்கொள்வார்கள். இவர் பக்கமிருந்து சொல் திரும்பிப் போகத்தான் செய்தது. ஆனாலும் சரியில்லை, சரியில்லை என்றே பதில்.

மறுநாள் அம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திருமேனி போய் நின்றார். ராத்திரி தூங்கின முகமாக இல்லை.

"அவங்க சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லத்தான் செய்றேன். ஏத்துக்க மாட்டேங்கறாங்கம்மா."

"மாங்காய்," என்றார் அம்மா.

"மாங்காயா? ஊறுகாய்க்கா? இன்னிக்குச் சந்தை இல்லையே."

"மாங்காய்."

"தோப்புக்காரரைக் கேட்டுப் பாக்கட்டுமா? ஆனா அவர்கிட்ட இருக்கிறது ஒட்டு. ஒட்டுல புளிப்பு பத்தாதும்மா."

"மாங்காய்."

"வெயில்ல நிக்கறீங்களே, முதல்ல நிழலுக்கு வாங்க. ஒரு வாய் மோர் குடிங்க. மாங்காய்க்கு என்ன, வாங்கிட்டாப் போச்சு."

அம்மா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

திருமேனி வாயை மூடினார். ஒரு காக்கா வந்து கொடியில் உட்கார்ந்து, பறந்து போனது.

"மாங்காய்," என்றார் தயங்கித் தயங்கி.

அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியை உதறினார்.

அந்த மடத்தில் யார் வாசலுக்கு வந்தாலும் முதல் பேச்சு, வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா என்பதுதான். வந்தவர் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். அந்த வழக்கம் கெட்டுப்போகக் கூடாதென்று திருமேனி தன் சின்ன வாசலிலும் அதையே எழுதி வைத்திருந்தார். யார் வந்து என்ன சொன்னாலும், 'வாருங்கள், வணக்கம், நலம்தானே' என்று விசாரித்துவிட்டு அப்புறம்தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும். வந்தது மனுஷர் இல்லை. அதற்கு மோரும் வேண்டாம், நலமும் வேண்டாம். உபசாரத்தைக் கேட்டதும் வீடு மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போயிருக்கிறது.

திருமேனி போய் அந்த வரவேற்பை அழித்தார். அழிக்கும்போது விருந்தாளியை வாசலோடு அனுப்புகிற மாதிரி மனசுக்குச் சங்கடமாக இருந்தது. சொல் வந்தது. சொல் போனது. ஏற்றுக்கொண்டார்கள்.

துள்ளிக்கொண்டு வந்தார் அம்மாவிடம்.

"ஆயிடுச்சும்மா! இனிமே செய்தி ஏறின நொடியே என் போன் மணியடிக்கும்."

"வெள்ளம் வந்தா யார் நனைவாங்க?"

"இருளாயி."

"யாருக்கு மணியடிக்கும்?"

"எனக்கு. நான் பாத்து, நிஜந்தானான்னு தெரிஞ்சுக்கிட்டு, ஓடிப்போய்ச் சொல்லிடுவேன். அவளுக்கு இதெல்லாம் என்ன..."

அம்மா அவர் முழங்காலைப் பார்த்தார். வீங்கின முழங்காலில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது.

திருமேனி குடையை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

இருளாயி கிடைக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு கிடாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் திட்டுவதை நிறுத்தினாள்.

"என்ன சாமி, தண்ணி வருதா?"

"வரலை. உன் போனைக் குடு."

"என் போனா? மக வாங்கிக் குடுத்தது. வீடியோ பாக்கத்தான் ஆகும்."

"இனிமே இன்னொண்ணுக்கும் ஆகும். அணை திறக்கிற செய்தி வந்தா இது சத்தம் போடும். போட்டா என்னைத் தேடாதே. ஆட்டைக் கரைக்குப் பத்து."

"இருங்க. இப்ப சொல்றது நீங்களா, போனா?"

"அணைக்காரங்க சொல்றாங்க."

"அவுக எனக்கே சொல்லுவாகளா?"

"உனக்கேதான்."

"அப்பச் சரி. பெறகு நீங்க எதுக்கு நடுவுல?" என்றாள் இருளாயி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். திருமேனிக்குச் சுருக்கென்றது. தைத்த இடத்திலேயே ஏதோ லேசானது மாதிரியும் இருந்தது.

மடத்துக்கு வருகிற அணைச் செய்தி அவள் போனுக்கும் போகும்படி செய்துவிட்டு, எந்தச் சத்தம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். புல்லாங்குழல் வந்தது. "இதைக் கேட்டா தூங்கிருவேன்." மணிச் சத்தம் வந்தது. "வேணாம், கெடா கழுத்துல மணி கெடக்கு, கொழம்பிப்போகும்." கடைசியில் சங்கு ஊதுகிற மாதிரி, காது கிழிகிற சத்தம் ஒன்று. ஆடெல்லாம் ஒருசேரத் திரும்பிப் பார்த்தன.

"இதான்," என்றாள் இருளாயி. "செத்தவன்கூட எந்திரிப்பான்."

அடுத்த நாளே அது கத்திவிட்டது. இருளாயி முட்டி மோதி அத்தனை ஆட்டையும் கரையேற்றினாள். ஆறு காய்ந்தே கிடந்தது. வழியே போன ஒரு படித்த பிள்ளையிடம் காட்டிப் படிக்கச் சொன்னாள். அணைக்கரைப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடுகிறார்களாம்.

நேரே மடத்துக்கு வந்தாள். திட்டிவாசலில் தலையை நீட்டினாள்.

"ஏன் சாமி, புளியம்பழத்துக்கா நான் இந்தப் பாடுபட்டேன்? செனையாடு ஒண்ணு நிக்க மாட்டாம மூச்சு வாங்குது. இன்னொரு தரம் இப்படிக் கத்துச்சுன்னா ஆத்துல வீசிருவேன் பாத்துக்கங்க. போனைச் சொன்னேன், உங்களை இல்ல."

திருமேனி கையெடுத்துக் கும்பிட்டார். அவள் தலை மறைந்ததும் உள்ளே ஓடினார். நீர் திறப்பு என்று போட்ட செய்திக்கு மட்டும் சத்தம். ஏலம், டெண்டர், கொடியேற்றம் எல்லாம் சத்தமில்லாமல் வாசிப்பானில் கிடக்கட்டும் என்று மாற்றினார். மாற்றிவிட்டாலும் மனசு அடங்கவில்லை.

"ஒரு தரம் பொய்யாக் கத்திடுச்சும்மா. அடுத்த தரம் நம்புவாளா?"

"நீங்க செய்ய வேண்டியது இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

திருமேனி யோசித்தார். வாசல் வெட்டியாயிற்று. சொல் போயாயிற்று. சத்தம் அவள் கையில் இருக்கிறது. வேண்டாததையெல்லாம் வடிகட்டியாயிற்று.

"இல்லைம்மா."

"அப்ப போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். அன்று எழுந்திருக்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. இங்கே வெயில். தூணில் முதுகைச் சாய்த்து, போனை மடியில் வைத்துக் கண்ணை மூடினார். காற்று வேப்பம்பூ வாசனையோடு வந்தது.

கண் விழித்தபோது வெயில் தூணுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. மடியில் போன். திரையில் அணைச் செய்தி. நீர் திறப்பு, கரையோர மக்கள் எச்சரிக்கை. அது வந்து நெடுநேரம் ஆகியிருந்தது. தண்ணீர் இங்கே வந்து சேருகிற நேரமும் கடந்து போயிருந்தது.

செருப்புப் போடவில்லை. முழங்காலும் நினைவில்லை. திட்டிவாசலில் தலை இடித்தது, அதுவும் தெரியவில்லை. ஓடினார்.

கரைமேல் ஏறியதும் ஆறு தெரிந்தது. கரைக்குக் கரை செந்தண்ணீர். திட்டு இருந்த இடமே இல்லை. கருவேல மரத்தின் உச்சிக்கொப்பு மட்டும் தண்ணீரில் அடித்து அடித்து நிமிர்ந்தது. அதில் யாருமில்லை.

"இருளாயீ!"

சரிவில் இறங்கினார். தண்ணீர் காலைத் தொட்டது. இன்னும் ஓர் அடி வைத்தார்.

"சாமி, குளிக்கிறதுன்னா அங்கிட்டுப் படித்துறைக்குப் போங்க. இங்க ஒரே சேறு."

திரும்பினார். கரைமேல் புங்கமரத்து நிழலில் ஆடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. துணிமூட்டைமேல் உட்கார்ந்து இருளாயி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம்... எல்லாம் ஏறிடுச்சா?"

"ஏறிருச்சு. அந்தச் செனையாடு நேத்து ஈனுச்சு. அதையும் தூக்கியாந்துட்டேன்." முந்தானையை விலக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு குட்டி, மடங்கின காதோடு தூங்கியது.

"சத்தம் கேட்டதும் நம்பினியா?"

"எங்க நம்புனேன்? திரும்பவும் புளியம்பழமோன்னுதான் நெனச்சேன். உங்களை நல்லா நாலு வார்த்தை வஞ்சேன். பெறகு அந்த மரத்தைப் பாத்தேன். போன வருசம் அதுல தொங்குனதை நெனச்சதும் கையெல்லாம் வலிச்சுச்சு. பழத்துக்கே ஏறுனாலும் ஏறிக்கிருவோம்னு பத்திட்டேன்." வெற்றிலையைத் துப்பினாள். "ஏறி, உக்காந்து, வெத்தல போட்டு, அது நல்லாச் செவந்த பெறகுதான் தண்ணி வந்துச்சு. ஆமா, நீங்க எங்க சாமி போயிருந்தீக?"

திருமேனி அப்படியே ஆட்டுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஒரு வெள்ளாடு வந்து அவர் துண்டின் நுனியைக் கடித்து இழுத்துப் பார்த்தது. அவர் விட்டுவிட்டார்.

"என்னாச்சு இந்த மனுசருக்கு," என்றாள் இருளாயி ஆட்டிடம்.

மடத்துக்குத் திரும்பியபோது அம்மா அடுப்படியில் இருந்தார். ஈர வேட்டியோடு நிலைப்படியில் நின்றார் திருமேனி.

"அம்மா, செய்தி வந்துச்சு. நான் எந்திரிக்கலை."

"ம்."

"தியானத்துல இருந்தேன்னு சொன்னா பொய். தூங்கிட்டேன்."

"தெரியும். இங்க வரைக்கும் குறட்டை கேட்டுச்சு."

"என் போன் அடிச்சது?"

"அதுவும் கேட்டுச்சு. ஜன்னல் வழியாப் பாத்தேன். ஆடு கரையேறிக்கிட்டு இருந்துச்சு."

"அப்பவே என்னை ஒரு குரல் எழுப்பியிருக்கலாமேம்மா!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஒரு வருஷமா அந்தக் குறட்டைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். அதைப் போய்க் கலைப்பேனா?"